கார் சாவி புரோகிராமிங் கருவி: எந்த வேலைக்கு எது, எதை முதலில் வாங்குவது?

"ஆட்டெல் வாங்கலாமா, எக்ஸ்ஹார்ஸ் வாங்கலாமா?" கார் சாவித் தொழிலுக்குப் புதிதாக வருபவர்கள் இந்தக் கேள்வியோடுதான் வருகிறார்கள். இரண்டும் சாவிக் கருவி செய்யும் நிறுவனங்கள். பெயரைப் பார்த்து வாங்கினால் பெட்டியில் இருக்கும் பாதி வசதியைத் தொடவே மாட்டீர்கள். தேவைப்படும் வசதி வேறொரு பெட்டியில் இருக்கும். உங்களிடம் வரும் வண்டிகள் எந்த இம்மொபிலைசர் (சரியான சாவிச் சிப் இல்லாமல் வண்டியை ஸ்டார்ட் ஆகவிடாத பூட்டு) குடும்பத்தைச் சேர்ந்தவை? வருபவர் கையில் வேலை செய்யும் சாவி ஒன்றாவது இருக்கிறதா? இந்த இரண்டு விவரமும் தெரிந்தால் தேர்வு தானாகச் சுருங்கிவிடும். பணம் கட்டும் முன், கடைசியாக விசாரித்த முப்பது நாற்பது பேரின் வண்டி, அதன் ஆண்டு, சாவி வகை, சாவி இருந்ததா தொலைந்ததா என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். எந்த விளம்பரக் காணொளியையும்விட அந்தத் தாள் சரியாகச் சொல்லும்.

ஒரே கருவியில் எல்லாம் முடியும் என்று விற்பவர் சொல்வார். முடியாது. முழுநேரம் இந்த வேலை செய்பவர்களிடம் குறைந்தது இரண்டு கருவிகள் இருக்கும். அவையும் வேறு வேறு நிறுவனத்துடையவையாக இருக்கும். ஒரு நிறுவனத்தின் மென்பொருள் ஒரு வண்டியில் தோற்றால் அதே நிறுவனத்தின் இன்னொரு பெட்டியும் பெரும்பாலும் அங்கேதான் தோற்கும்.

வேலை எந்த வகை?

சாவி வேலையை மூன்றாகப் பிரிக்கலாம். இருக்கும் சாவியின் சிப்பை அப்படியே நகல் எடுப்பது முதல் வகை. ஓபிடி (ஸ்கேனர் செருகும் வண்டியின் சாக்கெட்) வழியாக வண்டிக்குப் புதிய சாவியை அறிமுகப்படுத்துவது இரண்டாவது. மாட்யூலை (சாவித் தரவு இருக்கும் வண்டியின் கம்ப்யூட்டர் பெட்டி) கழற்றி மேசையில் வைத்து, அதன் நினைவகத்தைப் படித்துச் சாவி தயாரிப்பது மூன்றாவது. ஒவ்வொன்றுக்கும் கருவி வேறு, முதலீடு வேறு, கெட்டுப்போனால் வரும் நஷ்டமும் வேறு.

நகலெடுப்பில் வண்டிக்கு எதுவும் தெரியாது. இரண்டு சாவியையும் அது ஒரே சாவியாகத்தான் பார்க்கும். அதனால் வேலை சுலபம், ஆபத்தும் குறைவு. ஆனால் பின்னாளில் யாராவது அந்தச் சாவியை வண்டியிலிருந்து அழித்தால் அசலும் நகலும் சேர்ந்தே செத்துவிடும். இதை வாடிக்கையாளரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். சிப்பை நகலெடுத்தால் வண்டி ஸ்டார்ட் ஆகும். கதவைத் திறக்கும் ரிமோட் பகுதியைத் தனியாகத்தான் சேர்க்க வேண்டும்.

எந்தச் சிப்பை நகலெடுக்கலாம் என்பது அதன் பூட்டு எவ்வளவு பழையது என்பதைப் பொறுத்தது. ஐடி11, 12, 13, 4சி என்ற சிப் வகைகள் நிலையான எண் மட்டுமே வைத்திருப்பவை. படித்து எழுத சில நொடிகள் போதும். டெக்சாஸ் 4டி சிப்பின் 40 பிட் ரகசியத்தைக் கருவியே கணக்கிட்டு எடுத்துவிடும். அந்தப் பூட்டை ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக, ஆர்எஸ்ஏ ஆய்வாளர்கள் 2005-லேயே உடைத்துக் காட்டிவிட்டார்கள். ஐடி46 என்று நாம் சொல்லும் ஹிடாக்2-இன் பலவீனம் 2012-இல் வெளியானது. ஐடி48 மெகமோஸ் பற்றிய ஆய்வுக் கட்டுரையை 2013-இல் இங்கிலாந்து நீதிமன்றம் தடுத்து வைத்தது. 2015-இல்தான் அது அச்சேறியது. இன்று கையடக்கக் கருவிகள் சர்வரோடு பேசி 48-ஐ நகலெடுக்கின்றன. 80 பிட் டிஎஸ்டி, 128 பிட் ஏஇஎஸ் என்ற வலுவான குறியாக்கம் கொண்ட புதிய சிப்புகளில் நகலெடுப்பை நம்பி வேலையை ஒப்புக்கொள்ளாதீர்கள். அங்கே ஓபிடி வழிதான் பத்திரம்.

46, 48 நகலெடுப்பில் எங்கே சிக்கும் என்பதைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்ப்போம். அசல் சாவியைக் கருவியின் காயிலில் (சிப்போடு பேசும் கம்பிச் சுருள்) வைத்துப் படித்தால் மட்டும் போதாது. கருவியை இக்னிஷன் பூட்டருகே பிடித்து, வண்டி சாவியிடம் கேட்கும் கேள்வியையும் சேகரிக்க வேண்டும். பிறகு சாவியை மறுபடி காயிலில் வைத்தால் கணக்கு ஓடும். பூட்டைச் சுற்றி மோதிரம்போல் இருக்கும் காயிலிலிருந்து சற்று விலகினாலும் கருவிக்கு எதுவும் கேட்காது. பூட்டின் முகப்பிலேயே கருவியின் ஆன்டெனாவை ஒட்டி வைத்து, சத்தம் வரும்வரை அசைக்காமல் இருக்க வேண்டும். தரைத்தளத்துக்குக் கீழே இருக்கும் பார்க்கிங்கில் இணையம் இல்லாமல் சர்வர் கணக்கு பாதியில் நிற்பதும் சகஜம். சேகரித்த பின் வெளியே வந்து கணக்கிடலாம். வண்டியருகிலேயே எல்லாம் முடிய வேண்டும் என்பதில்லை.

கையடக்கக் கருவிகள்

எக்ஸ்ஹார்ஸ் கீ டூல் மேக்ஸ், அதன் புரோ வடிவம், கீடிஐஒய் கேடி-எக்ஸ்2, ஆட்டெல் கேஎம்100 எல்லாம் இந்த ரகம். சிப் படிப்பது, எழுதுவது, ரிமோட் உருவாக்குவது, ரிமோட்டின் அலைவரிசை பார்ப்பது இவற்றின் அன்றாட வேலை. கீ டூல் மேக்ஸுக்கு ஓபிடி வேலை செய்யத் தனியாக மினி ஓபிடி டூல் வேண்டும். மேக்ஸ் புரோவில் அது உள்ளேயே இருக்கிறது. கேஎம்100 ப்ளூடூத் விசிஐ (ஓபிடியில் செருகும் இணைப்புப் பெட்டி) வழியாக வண்டியோடு பேசும். கேடி-எக்ஸ்2 ஓபிடி பக்கம் போகாது. நகலெடுப்புக்கும் ரிமோட்டுக்கும் மட்டும் என்றால் விலைக்கேற்ற கருவி அதுதான்.

இந்த ரகத்தைத் தேர்ந்தெடுக்கும்போது நீங்கள் கருவியை மட்டும் வாங்குவதில்லை, ஒரு சாவி வகையறாவையே வாங்குகிறீர்கள். கேடி ரிமோட்டைக் கேடி கருவிதான் எழுதும். எக்ஸ்ஹார்ஸின் எக்ஸ்கே, எக்ஸ்என், எக்ஸ்எம் ரிமோட்டுகளை எக்ஸ்ஹார்ஸ் கருவி எழுதும். ஆட்டெல் ஐகீயை ஆட்டெல்தான் எழுதும். கருவியை மாற்றினால் அலமாரியில் கிடக்கும் வெற்றுச் சாவிகள் எல்லாம் வீண். அதனால் உங்கள் ஊர் மொத்த வியாபாரியிடம் எந்த வகை ரிமோட் தொடர்ந்து கிடைக்கிறது என்று கேட்டுவிட்டு இந்த முடிவுக்கு வாருங்கள். ஒரே சிப்பை 46, 47, 48, 4டி எனப் பல வகையாக மாற்றிக்கொள்ள உதவும் எக்ஸ்டி27 மாதிரி சூப்பர் சிப்புகள் கையிருப்பைக் குறைக்கும். பத்து வகைச் சிப் டப்பாவை வண்டியில் சுமக்க வேண்டாம்.

அலைவரிசை பார்க்கும் வசதியைச் சின்ன விஷயமாக நினைக்காதீர்கள். 315, 433.92, 868 மெகாஹெர்ட்ஸ் என்று ஒரே மாடலுக்கே சந்தைக்குச் சந்தை மாறும். டொயோட்டா ஸ்மார்ட் சாவிகளில் 312, 314 கணக்கும் உண்டு. அலைவரிசை சரியாக இருந்தும் மாடுலேஷன் (அலையில் செய்தியை ஏற்றும் முறை) ஏஎஸ்கேவா எஃப்எஸ்கேவா என்பதில் தப்பினால் சாவி பதிவாகும், வண்டி ஸ்டார்ட்டும் ஆகும், பொத்தான் மட்டும் வேலை செய்யாது. வாடிக்கையாளர் மறுநாள் திரும்பி வரும் புகார்களில் இது முக்கியமானது.

டேப்லெட் கருவிகள்

ஓபிடி வேலைக்கு இதுதான் முதுகெலும்பு. ஆட்டெல் ஐஎம்508, ஐஎம்608, எக்ஸ்ஹார்ஸ் கீ டூல் பிளஸ், லான்ஸ்டார் கே518, ஓபிடிஸ்டார் எக்ஸ்300 டிபி பிளஸ், அட்வான்ஸ்டு டயக்னாஸ்டிக்ஸின் ஸ்மார்ட் புரோ. கடைகளில் அதிகம் பேசப்படுபவை இவை.

ஐஎம்608-இன் பலம் அது சாவிக் கருவியாகவும் முழு ஸ்கேனராகவும் இருப்பதே. சாவி சேராத வண்டியில் பாதி நேரம் சாவியில் குறை இருக்காது. பிரேக் சுவிட்ச், காயில், பிசிஎம் (கதவு, விளக்கு, பூட்டுகளைக் கவனிக்கும் கம்ப்யூட்டர்) தொடர்பு என்று வேறெங்கோ இருக்கும். பழுதுக் குறியீட்டையும் நேரலைத் தரவையும் அதே திரையில் பார்க்க முடிவது பெரிய வசதி. புரோ வகைகளோடு எக்ஸ்பி400 புரோ என்ற புரோகிராமரும் வரும். மாட்யூலின் நினைவகத்தைப் படிக்க அது வேண்டும். ஐஎம்508 வாங்கி, பிறகு எக்ஸ்பி400 புரோவைத் தனியாகச் சேர்த்துக்கொள்ளலாம். ஸ்கேனர் ஏற்கெனவே வைத்திருப்பவருக்கு இதுவே சிக்கனமான வழி.

கீ டூல் பிளஸ், எக்ஸ்ஹார்ஸ் தனித்தனியாக விற்ற பெட்டிகளை ஒன்றாக்கியது போன்றது. சிப் காயில், நினைவகப் புரோகிராமர், மெர்சிடிஸுக்கான இன்ஃப்ராரெட் எல்லாம் ஒரே உடம்பில் இருக்கின்றன. ஐரோப்பிய வண்டி அதிகம் வருபவருக்கு இது நல்ல தொடக்கம். டயக்னாஸ்டிக்ஸ் பக்கம் ஆட்டெல் அளவுக்கு இல்லை.

லான்ஸ்டார் டொயோட்டாவிலும் ஜாகுவார் லேண்ட்ரோவரிலும் பெயர் வாங்கியது. அதை முதல் கருவியாக வாங்க வேண்டாம். இரண்டாவதாக, அதுவும் டொயோட்டா அதிகம் வந்தால் வாங்குங்கள். ஓபிடிஸ்டார் ஆசிய வண்டிகளுக்குச் செலவு குறைந்த தேர்வு. ஆனால் மெனுவில் வண்டியின் பெயரைத் தேடி எடுப்பதற்கே பொறுமை வேண்டும்.

ஸ்மார்ட் புரோவின் நடைமுறை வேறு. அங்கே டோக்கன் முறை. புரோகிராம் செய்யும்போது டோக்கன் கழியும். வருட சந்தா கட்டி வரம்பில்லாமல் பயன்படுத்தும் திட்டமும் உண்டு. கருவி நிதானமானது, திரையில் வரும் குறிப்புகள் தெளிவானவை, பயிற்சி இல்லாத ஊழியர் கையில் கொடுத்தாலும் வண்டியைக் கெடுப்பது அரிது. வாரத்தில் ஓரிரு சாவி மட்டும் செய்பவருக்கு டோக்கன் கட்டுப்படியாகும். தினமும் செய்பவர் வரம்பில்லாத சந்தாவின் விலையை மற்ற கருவிகளின் வருடப் புதுப்பிப்புக் கட்டணத்தோடு ஒப்பிட்டுத்தான் முடிவெடுக்க வேண்டும்.

வண்டிக் குடும்பம் வாரியாக

ஹோண்டாவில் ஐடி46, 47 சாவிகளுக்கு மேலே சொன்ன எந்த டேப்லெட்டும் போதும். அதிகம் யோசிக்க வேண்டாம்.

ஹூண்டாய், கியாவில் ஆறு இலக்கப் பின் நம்பர் வேண்டும். சில வண்டிகளில் கருவியே படித்துவிடும். மற்றவற்றுக்குச் சேஸிஸ் நம்பரை வைத்து டீலரிடமோ கோடு சேவையிடமோ வாங்க வேண்டும். பதிவு தொடங்கினால் எல்லாச் சாவியையும் மறுபடி சேர்க்க வேண்டும். வீட்டில் விட்டுவந்த சாவி பதிவிலிருந்து போய்விடும். "இருக்கிற சாவி எல்லாவற்றையும் கொண்டுவாருங்கள்" என்பதைத் தொலைபேசியிலேயே சொல்லிவிட்டால் ஒரு சண்டை மிச்சம். இன்னொரு வண்டியில் ஏற்கெனவே பதிவான ஸ்மார்ட் சாவி பூட்டிக்கொண்டிருக்கும். அதைத் திறக்காமல் வேறு வண்டியில் சேர்க்க முடியாது. பழைய சாவியை மலிவாக வாங்கிவந்து கொடுக்கும் வாடிக்கையாளருக்கு இதைப் புரியவைப்பது தனிக் கலை.

நிஸானில் பிசிஎம் தரும் 20, 22 அல்லது 28 இலக்கக் குறியீட்டை வைத்துப் பின் கணக்கிட வேண்டும். உங்கள் கருவி மூன்றையும் கணக்கிடுமா, அதற்கு இணையம் வேண்டுமா என்று பாருங்கள். சில மாடல்களில் மின்னணு ஸ்டீயரிங் பூட்டு வேலையின் நடுவே விழுந்து அப்படியே சிக்கிக்கொள்ளும். அப்போது குறை சாவியில் இருக்காது, பூட்டில் இருக்கும். புதிய மாடல்களில் வெளிக் கருவியைத் தடுக்கும் கேட்வேயைத் தாண்ட 16+32 கேபிள் தேவைப்படும்.

ஃபோர்டு, ஜிஎம் வண்டிகளில் காத்திருப்பே பெரும் வேலை. பாதுகாப்பு அணுகலுக்குப் பத்துப் பன்னிரண்டு நிமிடம் திரையில் எண்ணிக்கை ஓடும். அந்த நேரத்தில் பாட்டரி இறங்கினால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். பல ஃபோர்டு வண்டிகளில் பழைய சாவிகளை அழித்துவிட்டால் குறைந்தது இரண்டு சாவி சேர்த்தால்தான் வண்டி ஓடும். ஒரே ஒரு வெற்றுச் சாவியோடு அந்த வேலைக்குப் போகாதீர்கள். 2018 முதல் வந்த கிரைஸ்லர், ஜீப், ஃபியட் குடும்ப வண்டிகளில் பாதுகாப்புக் கேட்வே வந்துவிட்டது. அதற்கு 12+8 கேபிளோ அங்கீகரிக்கப்பட்ட உள்நுழைவோ வேண்டும். புதிய ஜிஎம், ஃபோர்டு மாடல்களின் கம்ப்யூட்டர்கள் கேன் எஃப்டி என்ற வேகமான தொடர்பு முறையில் பேசும். உங்கள் கருவியின் விசிஐ அதை நேராகப் பேசுமா, தனி அடாப்டர் வேண்டுமா என்பதைக் கேட்டுவிட்டே பில் போடச் சொல்லுங்கள்.

டொயோட்டாவைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். கூடுதல் சாவி சேர்ப்பது சுலபம். எல்லாச் சாவியும் தொலைந்தால் பழைய வண்டிகளில் இம்மொபிலைசர் ரீசெட்டுக்கே 16 நிமிடம் ஆகும். 8ஏ என்ற புதிய சிப் வகைச் சாவி வண்டிகளில் அதுவும் போதாது. இம்மொபிலைசர் தரவை எடுத்து, சர்வரில் கணக்கிட்டு, ஒரு எமுலேட்டரை வேலை செய்யும் சாவியாக வண்டிக்குக் காட்டி, பிறகுதான் புதிய சாவியைச் சேர்க்க முடியும். லான்ஸ்டாருக்கு எல்கேஇ, ஆட்டெலுக்கு ஏபிபி112 என்று எமுலேட்டர் தனித்தனி. விலை கேட்கும்போது எமுலேட்டரும் அதற்கான கேபிளும் பெட்டியில் வருகின்றனவா என்று கேளுங்கள். ஸ்மார்ட் சாவியின் சிப்பில் முதல் பக்கத் தரவு 98, ஏ8, ஏ9 என்று வேறுபடும். தவறான எண் கொண்ட போர்டு வாங்கினால் எந்தக் கருவியும் அதைச் சேர்க்காது. பழைய டொயோட்டாவில் மாஸ்டர், வேலட் என்று இரண்டு வகைச் சாவி உண்டு; வேலட் சாவியை வைத்துக்கொண்டு புதிய சாவி சேர்க்க முயன்றால் கருவி காரணம் சொல்லாமல் தோற்கும்.

ஃபோக்ஸ்வேகன் குடும்பத்தை மூன்று கட்டமாகப் பார்க்கலாம். மூன்றாம் தலைமுறை இம்மோவில் மீட்டரிலிருந்து பின் எடுத்தால் போதும். நான்காவதில் வண்டிக்குரிய பாதுகாப்புத் தரவும், தயாரிப்பாளருக்கு ஏற்ப முன்பே எழுதப்பட்ட சிப்பும் வேண்டும்: டிபி22 சீட்டுக்கு, டிபி23 ஃபோக்ஸ்வேகனுக்கு, டிபி24 ஸ்கோடாவுக்கு, டிபி25 ஆடிக்கு. ஸ்கோடா வண்டியில் டிபி23 சிப்பை வைத்துக்கொண்டு எத்தனை முறை முயன்றாலும் சேராது. குற்றம் கருவியின் தலையில் விழும். எம்க்யூபி என்ற புதிய வண்டி அடித்தளம் வந்த பிறகு சிங்க் டேட்டா என்ற தரவு இல்லாமல் சாவி தயாரிக்க முடியாது. சில மீட்டர்களைக் கழற்றித் திறந்தே படிக்க வேண்டியிருக்கும். இங்கே ஆட்டெல், எக்ஸ்ஹார்ஸ் இரண்டும் வேலை செய்யும். அப்ரைட்ஸ் நிறுவனத்தின் ஏவிடிஐ கருவி இன்னும் ஆழமாகப் போகும். ஏவிடிஐக்கு ஒவ்வொரு தயாரிப்பாளருக்கும் தனி உரிமம், அதோடு வருடப் பராமரிப்புக் கட்டணம். மாதம் முழுக்க ஐரோப்பிய வண்டிகளே வந்தால் ஒழிய அந்தப் பக்கம் போக வேண்டாம்.

பிஎம்டபிள்யூவில் ஓபிடி வழி ஆசை காட்டும், ஜாக்கிரதை. சிஏஎஸ்3 என்ற சாவி மாட்யூலின் சில மென்பொருள் பதிப்புகளில் சாவி எழுத, முதலில் மாட்யூலில் பழைய பதிப்பை ஃபிளாஷ் செய்ய வேண்டும். நடுவில் மின்னழுத்தம் குறைந்தாலோ கேபிள் ஆடினாலோ மாட்யூல் செத்துவிடும். வண்டி கிராங்க்கூட ஆகாது. அடுத்து வந்த எஃப்இஎம், பிடிசி மாட்யூல் வண்டிகளில் மாட்யூலைக் கழற்றித்தான் ஆக வேண்டும். கோடிங்கை (அந்த வண்டிக்கான அமைப்புத் தரவு) நகலெடுத்து வைத்து, 95128 அல்லது 95256 நினைவகத்தைப் படித்து, கருவி தரும் சேவைக் கோப்பை எழுதி, ஃபிளாஷ் முடித்து, மறுபடி அசல் தரவை எழுதி, கோடிங்கை மீட்க வேண்டும். வரிசை மாறினால் சிக்கல். எல்லாச் சாவியும் தொலைந்திருந்தால் என்ஜின் கம்ப்யூட்டரிலிருந்து ஐஎஸ்என் என்ற ரகசிய எண்ணும் எடுக்க வேண்டும். இந்த வேலைக்கு யான்ஹுவா நிறுவனத்தின் ஏசிடிபி கருவியை நான் முதலில் வைப்பேன். சிப்பைக் கழற்றாமல், மாட்யூலுக்கென்றே வார்த்த இடைமுகப் பலகையை மேலே பொருத்திப் படிக்கும். சூடு வைத்துப் பலகையின் தடம் பிய்ந்துபோகும் பயமில்லை. சால்டரிங் கை பழகியவர் கீ டூல் பிளஸிலேயே இதைச் செய்துவிடலாம்.

மெர்சிடிஸில் எஃப்பிஎஸ்3 என்ற சாவிப் பாதுகாப்புத் தலைமுறை வரை இன்ஃப்ராரெட் வழியாக இக்னிஷன் மாட்யூலின் தரவை எடுத்து, சர்வரில் கடவுச்சொல் கணக்கிட்டு, காலியான சாவி இடத்துக்குக் கோப்பு தயாரித்து எழுதலாம். எக்ஸ்ஹார்ஸ், சிஜிடிஐ, ஆட்டெல் மூன்றும் செய்யும். கணக்கீட்டுக்கு ஒரு நாளில் எத்தனை இலவசம், அதற்கு மேல் என்ன கட்டணம் என்பதில்தான் வித்தியாசம். எஃப்பிஎஸ்4 வண்டி வந்தால் டீலரிடம் அனுப்பிவிடுங்கள்.

கருவியோடு வாங்க வேண்டியவை

பாட்டரி சப்போர்ட் இல்லாமல் புரோகிராமிங் தொடங்கக் கூடாது. முழுச் சார்ஜில் ஓய்வாக இருக்கும் பாட்டரி 12.6 வோல்ட் காட்டும். 12-க்குக் கீழே இருந்தால் ஆதரவு கொடுக்காமல் தொட வேண்டாம். சாதாரண சார்ஜர் உதவாது. அதன் துடிப்பான மின்சாரம் கேன் (வண்டியின் கம்ப்யூட்டர்கள் பேசிக்கொள்ளும் கம்பி) தொடர்பையே குழப்பும். சீரான டிசி தரும் பவர் சப்ளை வேண்டும். இக்னிஷன் போட்டு, முகப்பு விளக்கு, ஏசி, ரேடியோ எல்லாம் அணைத்த பிறகே வேலை. கருவியின் விலையோடு பார்த்தால் இது சிறுதொகை. ஆனால் செத்த மாட்யூல்களில் பெரும்பகுதி இதைத் தவிர்த்ததால் செத்தவை.

மேசை வேலைக்கு நல்ல சால்டரிங் நிலையம், சூடான காற்று, எட்டுக் கால் சிப் கிளிப், பெரிதாக்கிப் பார்க்க லென்ஸ் வேண்டும். 93சி66, 24சி16, 95160 மாதிரி நினைவகங்களை மாட்யூலிலேயே கிளிப் போட்டுப் படிக்கும்போது, கிளிப் கொடுக்கும் மின்சாரத்தில் அங்கிருக்கும் மைக்ரோகன்ட்ரோலரும் விழித்துக்கொண்டு குறுக்கே பேசும். அதனால்தான் ஒவ்வொரு முறை படிக்கும்போதும் தரவு மாறுகிறது. அப்படி நடந்தால் சிப்பைக் கழற்றிப் படியுங்கள். முழுக்க எஃப்எஃப் அல்லது 00 வந்தால் கிளிப் கால்களைத் தொடவில்லை என்று அர்த்தம். இரண்டு முறை படித்து, இரண்டு கோப்பும் ஒன்றா என்று ஒப்பிட்டு, வண்டியின் பெயரோடு சேமித்த பிறகே எழுதும் பொத்தானைத் தொடலாம். அந்த அசல் கோப்பு கையில் இருக்கும்வரை எந்தத் தப்பையும் திருத்த வழியுண்டு.

சந்தாக் கணக்கு

விலைப்பட்டியலில் தெரியும் தொகை முதல் வருடத்துக்கு மட்டும். சந்தா முடிந்த பின் கருவி பழைய வண்டிகளில் ஓடுமா, சர்வர் கணக்கு நின்றுபோகுமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். ஆட்டெலில் சந்தா முடிந்தால் இருக்கும் மென்பொருள் ஓடிக்கொண்டிருக்கும், புதியது வராது. அதனால் பழைய வண்டி அதிகம் பார்ப்பவர் ஒரு வருடம் விட்டு ஒரு வருடம் புதுப்பித்தாலும் தாக்குப்பிடிக்கலாம். மூன்று வருடச் செலவைக் கூட்டி, மாதம் எதிர்பார்க்கும் சாவிகளால் வகுத்துப் பாருங்கள். புள்ளி, டோக்கன், கேபிள், எமுலேட்டர், வெற்றுச் சாவி எல்லாம் இந்தக் கூட்டலில் வர வேண்டும். அந்தக் கணக்கில் மலிவுக் கருவி விலை ஏறுவதும், விலை உயர்ந்த கருவி சகாயமாவதும் நடக்கும்.

வண்டித் தயாரிப்பாளரின் சொந்த மென்பொருளை ஜே2534 என்ற பொதுத் தர இணைப்புப் பெட்டி வழியாகக் குறுகிய காலச் சந்தாவில் பயன்படுத்துவதும் ஒரு வழி. அரிதாக வரும் புத்தம்புது வண்டிக்குத் தனிக் கருவி வாங்குவதைவிட இது மலிவு. இதற்குப் பல இடங்களில் தொழில் பதிவு வேண்டும்: அமெரிக்காவில் என்ஏஎஸ்டிஎஃப், ஐரோப்பிய ஒன்றியத்தில் செர்மி. பதிவு இருந்தாலும் இல்லாவிட்டாலும், வண்டிப் பதிவுப் புத்தகத்தையும் உரிமையாளரின் அடையாள அட்டையையும் சேஸிஸ் நம்பரோடு ஒத்துப் பார்த்து, நகல் வாங்கி வைக்காமல் எந்தச் சாவியும் செய்யக் கூடாது. எல்லாச் சாவியும் தொலைந்தது என்று வரும் வண்டிக்கு இது இரட்டிப்பாகப் பொருந்தும்.

எதை முதலில்?

ஆசிய வண்டிகளே அதிகம் என்றால் கீ டூல் மேக்ஸ் புரோவும் ஐஎம்508-ம் தொடக்கத்துக்குப் போதும். ஆறு மாதம் ஓட்டி, தோற்ற வண்டிகளின் பட்டியலைப் பார்த்து, அதில் டொயோட்டா மேலே இருந்தால் லான்ஸ்டாரைச் சேருங்கள். ஐரோப்பிய வண்டி பாதிக்கு மேல் என்றால் கீ டூல் பிளஸ் முதலில், ஏசிடிபி இரண்டாவது, ஸ்கேனர் தேவைக்கு ஆட்டெல் மூன்றாவது. பழுதுபார்க்கும் பட்டறையோடு சேர்த்துச் சாவி வேலையும் செய்பவருக்கு ஐஎம்608 புரோ ஒன்றே நீண்ட நாள் வரும். வீதியோரக் கடையில் சாவி வெட்டி, ரிமோட் பேட்டரி மாற்றிக் கொடுப்பவர் கேடி-எக்ஸ்2 ஒன்றோடு தொடங்கி, ஓபிடி வேலையைத் தெரிந்த லாக்ஸ்மித்திடம் அனுப்பிப் பங்கு வாங்குவது புத்திசாலித்தனம்.

போலிக் கருவிகள் பக்கம் போகவே வேண்டாம். புதுப்பித்தவுடன் பூட்டிக்கொள்வது அவற்றின் சின்னக் குறை. தப்பான மின்னழுத்தம் கொடுத்து மாட்யூலை எரிப்பதுதான் பெரிய குறை.

பழைய கருவி வாங்குவதில் தப்பில்லை. ஆனால் சீரியல் நம்பர் முந்தைய உரிமையாளரின் கணக்கோடு கட்டப்பட்டிருக்கும். அவர் உங்கள் கண்முன்னே கணக்கிலிருந்து விடுவித்து, நீங்கள் உங்கள் பெயரில் பதிவு செய்து, ஒரு முறை புதுப்பித்தும் பார்க்க வேண்டும். கூடவே வரும் புரோகிராமர் அந்த டேப்லெட்டோடு சேர்ந்து இயங்குகிறதா என்று ஒரு 93சி56 சிப்பைப் படித்துப் பாருங்கள். காயிலில் தெரிந்த சாவி ஒன்றை வைத்துச் சிப் வகையைச் சரியாகச் சொல்கிறதா பாருங்கள். ஓபிடி கேபிளை வண்டியில் போட்டு ஆட்டிப் பாருங்கள். பழைய கருவியில் முதலில் போவது அந்தக் கேபிளின் கழுத்துதான். இத்தனையும் முடிந்த பிறகு பணம் கொடுங்கள்.